காற்றைக் கேட்டுப் போகிற கப்பல்

மூன்று பேராக உட்கார்ந்து முப்பது பேர் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிற எதிரணி நண்பர்களே!

விடுமுறைக் கடற்பயணத்தில் மனத்துக்கு நிறைவு தருவது எந்திரக் கப்பலின் வசதியா, பாய்மரக் கப்பலின் அனுபவமா? இதுதான் தலைப்பு. நான் பாய்மரக் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "இவங்க யாராவது பாய்மரக் கப்பல்ல போயிருக்காங்களா? போகாம எப்படிப் பேசறாங்க?" நல்ல கேள்விதான். ஆனா அம்மா எந்தச் சொகுசுக் கப்பல்ல போயிட்டு வந்தாங்க? நானும் அவங்களும் ஒரே டவுன் பஸ்லதான் இந்த அரங்கத்துக்கு வந்தோம்! (பலத்த சிரிப்பு) அதுலயும் டிக்கெட் எடுத்தது நான். (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அந்த பஸ்ஸு காத்துல ஓடிச்சா, எஞ்சின்ல ஓடிச்சா?

பாதி தூரம் நாங்க இறங்கித் தள்ளினதுல ஓடிச்சு நடுவர் அவர்களே! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் அழகா ஒரு கணக்குச் சொன்னார். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல். 365 மீட்டர் நீளம், 20 அடுக்கு, 7 நீச்சல் குளம், நெருக்கி ஏற்றினால் 7,600 பயணிகள். நான் மறுக்கவே இல்லை. ஒரு சின்ன ஊரையே தூக்கிக் கடல்ல மிதக்க விட்டிருக்காங்க. நான் கேட்கிறது ஒன்றே ஒன்றுதான். சுற்றிலும் கடல் இருக்கும்போது ஒரு கப்பலுக்குள்ளே எதுக்குங்க ஏழு குளம்? (சிரிப்பு) கடலைப் பார்க்கப் போனவன் குளத்தைப் பார்த்துட்டு வர்றான். ஊரை விட்டுட்டு வரணும்னுதானே விடுமுறை? ஊரையே கூட்டிக்கிட்டுப் போனா அதுக்குப் பேர் விடுமுறையா? வீடு மாத்தறது! (கைதட்டல்)

இப்போது என் கட்சிக் கப்பலைச் சொல்கிறேன். 'ராயல் கிளிப்பர்' என்று ஒரு கப்பல். 2000-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. நீளம் 134 மீட்டர். ஐந்து பாய்மரங்கள், 42 பாய்கள். பயணிகள் 227 பேர். மிக்கேல் கிராஃப்ட் என்ற ஸ்வீடன்காரர் தொடங்கிய நிறுவனத்தின் கப்பல். 1902-இல் ஜெர்மானியர் கட்டிய 'ப்ராய்சன்' என்ற ஐந்து பாய்மரக் கப்பலை மாதிரியாக வைத்து இதைச் செய்தார்கள். அந்த ப்ராய்சன் எப்படி அழிந்தது தெரியுமா? 1910 நவம்பரில் இங்கிலீஷ் கால்வாயில் ஒரு நீராவிக் கப்பல் குறுக்கே வந்து மோதியது. பாய்க்கப்பல்தானே, என்ன வேகம் வந்துடப் போகுதுன்னு நீராவிக் கப்பல் தப்புக் கணக்குப் போட்டது. அன்றைக்கே எந்திரக் கட்சிக்கு எங்கள் பலம் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்தக் கப்பல் குளிர்காலங்களில் எங்கே போகிறது? கரீபியன் கடலுக்கு. பார்படோஸ், மார்ட்டினிக், டொமினிக்கா, கிரெனடா என்று வில்லைப் போல வளைந்து கிடக்கிற தீவுகள். அந்தத் தீவுகளில் ஒரு பகுதிக்கு 'விண்ட்வர்ட்' தீவுகள் என்று பெயர். இன்னொரு பகுதிக்கு 'லீவர்ட்' தீவுகள். காற்று வரும் பக்கத்துத் தீவுகள், காற்று போகும் பக்கத்துத் தீவுகள் என்று பொருள். உலகத்தில் ஊருக்கு எதையெதையோ வைத்துப் பெயர் வைக்கிறான். மலையை வைத்து, ஆற்றை வைத்து, ராஜாவை வைத்து. இங்கே காற்றை வைத்துப் பெயர் வைத்திருக்கிறான். ஏன்? அங்கே போய்ச் சேர்ந்தவன் காற்றால் போய்ச் சேர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அந்த வடகிழக்குக் காற்று குளிர்காலம் முழுக்க அங்கே ஒரே சீராக வீசும். அதை நம்பித்தான் பாய் விரிக்கிறான்.

நமக்கு இது புதுசா? வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. திசைக்கு ஒரு பெயர் வைத்துக் காற்றைக் கூப்பிட்டவன் தமிழன். புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடும்போது, காற்றின் போக்கை அறிந்து கப்பல் ஓட்டியவர்களின் வழிவந்தவனே என்றுதான் புகழ்கிறார். எஞ்சின் கப்பலில் ஏறினவனுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுமா? தலைமுடி கலைஞ்சாத்தான் தெரியும். என்னை மாதிரி ஆளுக்கு அதுவும் தெரியாது! (தலையைத் தடவிக் காட்டுகிறார். பலத்த சிரிப்பு)

சரி, பாய்க்கப்பல்ல ஏறினவன் என்ன கத்துக்கிறான்? முதல் பாடம், நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாய்க்கப்பலும் நேராகப் போக முடியாது. போக வேண்டிய தீவு கண்ணுக்கு எதிரே தெரியும். காற்றும் அங்கிருந்தே வரும். என்ன செய்வான்? கொஞ்ச தூரம் இடப்பக்கம் சாய்ந்து போவான். பிறகு பாயைத் திருப்பிக் கொஞ்ச தூரம் வலப்பக்கம் சாய்ந்து போவான். இப்படிக் குறுக்கும் மறுக்குமாகப் போய்க் கடைசியில் அந்தத் தீவைத் தொட்டுவிடுவான்.

இதைக் கேட்டதும் எனக்கு என்ன தோணுச்சுன்னா, இல்லறம் நடத்துற ஒவ்வொரு புருஷனும் பாய்மர மாலுமிதான்! (சிரிப்பு) வீட்டம்மா கோபமா இருக்கும்போது நேரா எதிர்த்துப் போனவன் கரை சேர்ந்ததா சரித்திரமே இல்லை. முதல்ல, "குழம்பு ரொம்ப நல்லாருக்கே"ன்னு ஒரு பக்கம் சாயணும். அப்புறம், "உங்க தம்பி எப்படி இருக்கார்"னு இன்னொரு பக்கம் சாயணும். அதுக்கப்புறம்தான், "எனக்கு ஒரு ஐந்நூறு ரூபா வேணுமே"ன்னு துறைமுகத்துக்குள்ள நுழையணும்! (நெடுநேரம் சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அந்த ஐந்நூறு ரூபாய் கிடைச்சதா?

இன்னும் நடுக்கடல்லதான் நிக்கிறேன் நடுவர் அவர்களே! (சிரிப்பு)

இரண்டாவது பாடம், உழைப்பைக் கண்ணால் பார்ப்பது. எந்திரக் கப்பலில் எஞ்சின் எங்கேயோ அடியில் இருக்கும். அதை ஓட்டுகிறவன் முகத்தைப் பயணி பார்க்கவே மாட்டான். பாய்க்கப்பலில் அப்படி இல்லை. பாயை ஏற்றுகிறவன் உங்கள் கண் முன்னால் கயிற்றை இழுக்கிறான். உங்களுக்கு விருப்பம் இருந்தால் நீங்களும் ஒரு கை பிடிக்கலாம். இடுப்பில் கயிறு மாட்டிக்கொண்டு பாய்மரத்தின் மேல் பாதி வரை ஏறிப் பார்க்கலாம். கப்பலின் முன்னால் அணியத்துக்கு வெளியே ஒரு வலை கட்டியிருப்பார்கள். அதில் படுத்துக்கொண்டால் கீழே தண்ணீர், மேலே பாய். எஞ்சினை நிறுத்திவிட்டால் தண்ணீர் கிழிபடுகிற சத்தமும் கயிறு முனகுகிற சத்தமும் மட்டும்தான். எதிரணி நண்பர் குறுக்கே கேட்கலாம், "அப்போ எஞ்சின் இருக்கா?" இருக்கிறது. மறைக்கவில்லை. துறைமுகத்துக்குள் திரும்பவும், காற்று விழுந்துவிட்ட நேரத்துக்கும் எஞ்சின் உண்டு. கைத்தடி வைத்திருக்கிறதால் ஒருத்தனுக்குக் கால் இல்லை என்று ஆகிவிடுமா? (கைதட்டல்)

மூன்றாவது, சின்ன கப்பல் சின்ன ஊருக்குப் போகும். பெக்வே என்று ஒரு தீவு. டொபாகோ கேஸ் என்று பவளப் பாறைகளுக்கு நடுவே மணல் திட்டுகள். பெரிய கப்பல் அங்கே கட்ட இடம் கிடையாது. பாய்க்கப்பல் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் ஆட்களை அனுப்பும். இருநூறு பேர் இறங்கினால் அது விருந்தாளி. ஏழாயிரம் பேர் இறங்கினால் அது படையெடுப்பு! (கைதட்டல்) சில பெரிய கப்பல் கம்பெனிகள் என்ன செய்கின்றன? பஹாமாஸில் தங்களுக்கென்றே தனித் தீவு வைத்துக்கொண்டு ஆட்களை அங்கே இறக்குகின்றன. கம்பெனிக் கப்பல், கம்பெனித் தீவு, கம்பெனி இளநீர். அந்த நாட்டு மனிதன் ஒருத்தனோடு பேசிப் பழகாமலே ஒருத்தன் அந்த நாட்டுக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் பாடு. நமக்கும் கரீபியனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். அய்யா, சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் கனமான சம்பந்தம். 1853-இல் மார்ட்டினிக் தீவுக்கும், 1854-இல் குவாதலூப் தீவுக்கும் நம் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை ஏற்றிய முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. கரும்புத் தோட்டத்து வேலைக்கு. குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறியவர்கள். பெரும் பகுதி தமிழர்கள். இன்றைக்கும் அந்தத் தீவுகளில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. மதுரை வீரன் அங்கே 'மல்தெவிலின்' ஆகி நிற்கிறான். பேசுகிற மொழி போய்விட்டது, கும்பிடுகிற சாமி போகவில்லை. (கைதட்டல்)

அவர்களும் பாய் விரித்த கப்பல்களில்தான் போனார்கள். எந்தப் பாயைப் பார்த்து இன்றைக்குப் பயணி படம் எடுக்கிறானோ, அந்தப் பாயைப் பார்த்து அன்றைக்கு நம்மவன் அழுதான். அதனால் பாய்மரம் என்றாலே உல்லாசம் என்று நான் சொல்ல வரவில்லை. பாய்மரம் என்றால் அதன் கீழே ஒரு மனிதன் இருக்கிறான். அவனைப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்தப் பயணம் நிறைவு தரும்.

இப்போது எதிரணித் தலைவர் வீசிய பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். "பாய்க்கப்பல் ஆபத்து. ஃபாண்டோம் கப்பல் என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவர் பாதி சொன்னார். மீதியை நான் சொல்கிறேன். இந்த இடத்தில் சிரிப்பு வேண்டாம்.

ஃபாண்டோம், 1927-இல் இத்தாலியில் கட்டி முடிக்கப்பட்ட கப்பல். 282 அடி நீளம், நான்கு பாய்மரம். ஒரு பிரபுவின் உல்லாசக் கப்பலாகப் பிறந்து, பிறகு மயாமியைச் சேர்ந்த விண்ட்ஜாமர் நிறுவனத்தின் கையில் விடுமுறைப் பயணக் கப்பலாக ஓடியது. 1998 அக்டோபர் கடைசி. ஹோண்டுராஸ் கரையோரம் பயணிகளோடு இருந்தது. மிட்ச் என்ற புயல் வந்தது. அட்லாண்டிக் கடல் கண்ட மிகக் கடுமையான புயல்களில் ஒன்று. கேப்டன் என்ன செய்தார்? பயணத்தை நிறுத்தினார். பெலிஸ் நகரத்துக்குப் போய்ப் பயணிகள் அத்தனை பேரையும் இறக்கிவிட்டார். பணியாளர்களிலும் ஒரு பகுதியினரை இறக்கினார். பயணிகள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

கப்பலைக் காப்பாற்ற 31 பேர் கப்பலிலேயே இருந்தார்கள். பெரும்பாலோர் அந்தத் தீவுகளையும் அதைச் சுற்றிய நாடுகளையும் சேர்ந்தவர்கள். புயல் வடக்கே திரும்பும் என்று எதிர்பார்ப்பு. அதனால் ரோட்டான் தீவின் தெற்கே மறைவு தேடிப் போனார்கள். புயல் வடக்கே திரும்பவில்லை. தெற்கே இறங்கியது. அக்டோபர் 27-ஆம் தேதிக்குப் பிறகு அந்தக் கப்பலிலிருந்து ஒரு குரலும் வரவில்லை. சில நாள் கழித்துச் சில மிதவைகளும் உயிர்காப்புச் சட்டைகளும் கிடைத்தன. 31 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

(அரங்கில் அமைதி)

எதிரணித் தலைவர் இதைச் சொல்லிவிட்டு, "எஞ்சின் கப்பல்னா தப்பிச்சிருக்கும்" என்றார். அய்யா, ஃபாண்டோமிலும் எஞ்சின் இருந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். 2015 அக்டோபர் 1. எல் ஃபாரோ என்று ஒரு சரக்குக் கப்பல். பாயே கிடையாது. 790 அடி நீளம், முழுக்க எந்திரம். பஹாமாஸ் பக்கத்தில் வாக்கீன் புயலுக்குள் மாட்டியது. எந்திரம் நின்றுபோனது. 33 பேர் போனார்கள். மூன்று ஆண்டு முன்னால், 2012 அக்டோபரில், 'பவுண்டி' என்ற பாய்க்கப்பல் சாண்டி புயல் வருவது தெரிந்தே கடலுக்குப் போனது. 16 பேரில் 14 பேரைக் கடலோரக் காவல் படை ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றியது. கேப்டனும் ஒரு மாலுமியும் போனார்கள். விசாரணை என்ன சொன்னது? பாய்மரத்தைக் குறை சொல்லவில்லை. கப்பலைக் கடலுக்குக் கொண்டுபோன முடிவைக் குறை சொன்னது. எல் ஃபாரோ விசாரணை? அதுவும் எந்திரத்தோடு நிற்கவில்லை. புயலை விட்டு விலகப் போதுமானதைச் செய்யாத முடிவைக் குறை சொன்னது.

ஆகவே நடுவர் அவர்களே, புயலுக்குப் பாயும் தெரியாது, எஞ்சினும் தெரியாது. காற்றை மதிக்கிறவனா, மதிக்காதவனா என்ற கேள்விதான் மிச்சம். நான் கேட்கிறேன், காற்றை மதிக்க எந்தக் கப்பல் ஒருத்தனுக்குக் கற்றுக் கொடுக்கும்? இருபது மாடிக்குள்ளே ஏ.சி. அறையில் படுத்துக்கொண்டு, "ஏன்பா, அட்டவணையில் எட்டு மணிக்குத் தீவு வரும்னு போட்டிருக்கே, ஏன் வரலை?" என்று கேட்கிற பயணிக்குக் கற்றுக் கொடுக்குமா? காற்று இன்றைக்கு இப்படித் திரும்பிவிட்டது, அந்தத் தீவுக்கு இன்றைக்கு இல்லை, வேறு தீவு என்று கேப்டன் சொன்னதும், "சரி, அப்படியே ஆகட்டும்" என்று பாயைப் பார்த்துக் கொண்டிருக்கிற பயணிக்குக் கற்றுக் கொடுக்குமா? (பலத்த கைதட்டல்)

இது சின்ன விஷயம் இல்லை. அட்டவணைக்குப் பழகின பயணி கேப்டனை அவசரப்படுத்துவான். காற்றுக்குப் பழகின பயணி காத்திருப்பான். கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். ராயல் கிளிப்பர் போன்ற கப்பல்கள் கோடையில் மத்தியதரைக் கடலுக்குப் போய்விட்டுக் குளிர்காலத்தில்தான் கரீபியனுக்குத் திரும்புகின்றன. அந்த ஆறு மாதத்தை விட்டுக் கொடுத்தால்தான் மற்ற மாதம் அனுபவிக்கலாம். 2024 ஜூலை 1-ஆம் தேதி பெரில் புயல் வந்து, கேரியாகூ என்ற சின்னத் தீவையே தரைமட்டமாக்கிவிட்டது. மரப்படகு கட்டுவதற்குப் பேர்போன தீவு அது. கப்பலுக்காவது ஓட வழி உண்டு. தீவுக்கு ஓட வழி இல்லை. அங்கே விடுமுறைக்குப் போகிறவன் அந்தக் காற்று அங்குள்ளவனுக்கு என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டாமா?

என் எதிரணி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபாண்டோமைச் சொல்லி என் கட்சியைத் தோற்கடிக்காதீர்கள். அந்த 31 பேரைச் சொல்லிப் பயணியைத் திருத்துங்கள். பயணி வந்த பணத்துக்குச் சுகம் கேட்கிறான். கேட்கட்டும். ஆனால் தன்னைக் கரையில் இறக்கிவிட்டு, மறுபடி கடலுக்குத் திரும்பிப் போகிற மனிதன் ஒருவன் இருக்கிறான் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். பெரிய கப்பலில் அந்த மனிதனின் முகம் தெரிய வழி இல்லை. பாய்க்கப்பலில் அவன் உங்கள் பக்கத்தில் நின்றுதான் கயிறு இழுக்கிறான். பேரைக் கேட்டால் சொல்வான். எந்தத் தீவு, எத்தனை பிள்ளைகள், எல்லாம் சொல்வான். ஒரு வாரத்தில் அந்தப் பேர் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். ஊருக்குத் திரும்பிப் புயல் செய்தி கேட்டால், "என்னமோ கரீபியனாம்" என்று டி.வி.யை அணைக்க மாட்டீர்கள். "அவன் எங்கே இருக்கானோ?" என்று பதறுவீர்கள். (நெடுநேரம் கைதட்டல்)

நடுவர்: நேரம் ஆச்சு, கரைக்கு வாங்க!

வந்துட்டேன் நடுவர் அவர்களே. காற்று நல்லா இருந்தது, அதான் கொஞ்சம் தூரம் போயிட்டேன். (சிரிப்பு)

வசதி உடம்புக்கு. அது இறங்கின அன்றைக்கே முடிந்துபோகும். ஏழு குளத்தில் குளித்தவனுக்கும் வீட்டுக்கு வந்தால் ஒரு வாளித் தண்ணீர்தான். காற்றைப் பார்த்துக் காத்திருக்கப் பழகினதும், கயிறு இழுத்த கையை மதிக்கப் பழகினதும் வீட்டுக்கும் கூட வரும். ஆகவே, கடற்பயணத்தில் மனத்துக்கு நிறைவு தருவது பாய்மரக் கப்பலின் அனுபவமே, அனுபவமே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டுகிறேன்.

(பலத்த கைதட்டல்)